எமிலி உங்வாரே அம்மையார்

கல்வி என்பது ஏட்டிலும் எழுத்திலும் மட்டுமே உள்ளதென்று எண்ணுதல் கல்லூரி மாணவராகிய நமக்கு இயல்பு. எழுத்தறியாதார் ஒருவர் பேரறிவுடையராய் இருத்தல் கூடும் என்பதை வாயளவில் ஒப்புக்கொள்வோமேயன்றி, நெஞ்சார நம்புவதில்லை. அங்ஙனம் நம்ப மறுக்கும் நம்மனோர்க்கு நல்லாசிரியராய் விளங்குபவர் ஒருவர் உளர். ஆஸ்திரேலியத் தொல்குடியிற் பிறந்து, வாணாளின் பெரும்பகுதியை மாட்டுப்பண்ணைகளிலே உழைத்துக் கழித்து, 67 வயதளவில் முதன்முதலாகப் பட்டுத்துணியில் மெழுகால் எழுதத் தொடங்கி, பின்னர் உலகறிந்த ஓவியராகி, 1996ஆம் ஆண்டில் மறைந்த எமிலி காமே உங்வாரே அம்மையாரே அவர். அவர்தம் வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

நாடும் பிறப்பும்

ஆஸ்திரேலியாக் கண்டத்தின் நடுவே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊர் உள்ளது. அதற்கு வடகிழக்கே ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தொலைவில், செம்மண்ணும் முட்புல்லும் வேலமர இனங்களும் நிறைந்த ஒரு பெரும் பரப்புக் கிடக்கின்றது. அதனூடே செல்லும் சாண்டோவர் ஆறு ஆண்டின் பெரும்பகுதி நீரின்றி வெறு மணலாகவே காட்சியளிக்கும். 1920-களில் அங்கு மாட்டுப்பண்ணை வைக்க வந்த வெள்ளையர் தம் பண்ணைக்கு யுட்டோப்பியா என்று பெயரிட்டனர். குறையேதுமில்லாக் கற்பனை நாடு என்பது அச்சொல்லின் பொருள். ஆயின், அவர் வருமுன்னரே அந்நிலத்தின் ஒவ்வொரு குன்றுக்கும் ஊற்றுக்கும் பெயர் இருந்தது. பெயர்தோறும் ஒரு வரலாறும் இருந்தது. அப்பரப்பிலுள்ள அல்ஹால்கரே என்னும் இடத்தில், 1910ஆம் ஆண்டையொட்டி, அன்மாச்செரே மொழி பேசும் குடியில் எமிலி அம்மையார் தோன்றினார். பிறந்த நாளைக் குறித்து வைக்கும் வழக்கம் அம்மக்களிடையே இல்லை. எனவே ஆண்டினை அண்ணளவாகவே கூற இயலும்.

அம்மையார்க்கு இடப்பட்ட காமே என்னும் பெயர், அந்நிலத்தில் விளையும் ஒருவகைக் கிழங்குக்கொடியின் பூவையும் விதையையும் குறிப்பது. விரல்போல் மெலிந்து நீண்ட கிழங்குகளை மண்ணுள்ளே ஈனும் அக்கொடி, நம் உளுந்தும் பச்சைப்பயறும் சேர்ந்த அதே செடியினத்தைச் சார்ந்ததாகும். கிழங்கு முற்றியபொழுது நிலத்தின்மேல் வெடிப்புத் தோன்றும். அவ்வெடிப்பைக் கண்டு, கோலால் அகழ்ந்து கிழங்கெடுத்தல் பெண்டிர் தொழில். அம்மையார் இவ்வறிவினை இளமையிலேயே தம் மூத்த பெண்டிரிடம் கற்றார். ஆயினும் அவர் பெற்ற பெயர் வெறும் அழைபெயர் அன்று. அக்கிழங்கின் வரலாற்றைக் காத்தற்குரியர் அவர் என்பதனை அறிவிக்கும் உரிமைப்பெயருமாகும்.

இதனை விளங்கிக்கொள்ள அம்மக்களின் கொள்கையைச் சிறிது அறிதல் வேண்டும். முற்காலத்தே முன்னோர் சிலர் விலங்காகவும் பறவையாகவும் செடியாகவும் மனிதராகவும் இந்நிலத்தில் நடந்து திரிந்தனர். அவர் நடந்த வழியிலே குன்றும் ஆறும் சுனையும் தோன்றின. பின்னர் அவர் மண்ணுள்ளும் பாறையுள்ளும் புக்கனர். ஆயினும் அவர் வகுத்த முறைமை இன்றும் நிலைத்துள்ளது என்பது அவர்தம் நம்பிக்கை. வெள்ளையர் இதனைக் கனவு என்று மொழிபெயர்த்தனர். ஆனால், இது உறக்கத்திற் கண்டு விழிப்பில் மறக்கும் கனவன்று. யார் யாரை மணத்தல் வேண்டும், எந்நீரை யார் காத்தல் வேண்டும் என்பன வரை வாழ்வு முழுமையும் ஆளும் சட்டம். அல்ஹால்கரேயில் துளையுடைய பாறை ஒன்று நிற்கின்றது. அது முன்னோர் ஒருவரின் வடிவமென்பர். அதனை நினைவுகூர்தற்காகவே எமிலி அம்மையார் தம் மூக்கினையும் துளைத்துக் கொண்டிருந்தார்.

அக்குடிப் பெண்டிர்க்கே உரிய சடங்கு ஒன்று உண்டு. அதற்கு அவுல்யே என்று பெயர். செங்காவியும் மஞ்சட்காவியும் வெண்மண்ணும் கொழுப்பில் குழைத்து, மார்பிலும் தோள்களிலும் கோடுகள் எழுதி, முன்னோர் வரலாற்றைப் பாடி ஆடுவர். நிலம் செழித்தற்கும் மக்கள் நலம்பெறுதற்கும் அச்சடங்கு இன்றியமையாதது. எந்தக் கோட்டை யார் எழுதலாம், யார் காணலாம் என்பதற்கெல்லாம் வரையறை உண்டு. எமிலி அம்மையார் இச்சடங்கில் தலைமை தாங்கும் மூதாட்டியாக நாளடைவில் உயர்ந்தார். ஆகவே, 67 வயதில் அவர் பட்டின்மேல் கோடிழுக்கத் தொடங்கியபொழுது, கைக்குப் புதியதாயிருந்தது பட்டு ஒன்றே, கோடு புதியதன்று.

உழைப்பும் துயரும்

அம்மையார் சிறுமியாயிருந்தபொழுதே வெள்ளையர் அப்பகுதிக்கு வரத் தொடங்கினர். சில ஆண்டுகளில் வேட்டைநிலம் மேய்ச்சல்நிலமாயிற்று. மக்கள் குடித்த ஊற்றுகள் மாடுகளுக்கு நீர்த்துறையாயின. தம் நிலத்திலேயே தாம் கூலியாட்களாகும் நிலை அம்மக்களுக்கு நேர்ந்தது. மாவும் சர்க்கரையும் தேயிலையும் படியாகப் பெற்று, சிறு கூலிக்கோ கூலியின்றியோ அவர்கள் பல்லாண்டுகள் உழைத்தனர். பண்ணைகளில் உழைத்த தொல்குடியினர்க்கும் வெள்ளையர்க்கும் ஒத்த கூலி தரவேண்டும் என்னும் தீர்ப்பு 1966ஆம் ஆண்டிலேதான் எழுந்தது; அது நடைமுறைக்கு வந்ததோ 1968ஆம் ஆண்டின் இறுதியில். எமிலி அம்மையாரும் பண்ணைகளில் வேலை செய்தார். ஒட்டகங்களை நடத்திச் செல்லும் கடுந்தொழிலையும் மேற்கொண்டார். பெண்கள் பெரும்பாலும் வீட்டுவேலையிலேயே அமர்த்தப்பட்ட அக்காலத்தில் இது அவருடைய உடல்வலியையும் மனவுறுதியையும் காட்டுவதாகும்.

அம்மையார் இருமுறை மணம் புரிந்தும் மக்கட்பேறு வாய்க்கப்பெற்றிலர். ஆயினும் உறவினர் குழந்தைகளைத் தம் குழந்தைகளாகவே வளர்த்தார். அவருள் பார்பரா வீயர் என்பாரும் ஒருவர். பார்பராவின் தாய் தொல்குடியினர், தந்தை வெள்ளையர். அத்தகைய குழந்தைகளைத் தாயரிடமிருந்து பிரித்தெடுத்து, வெள்ளையர் முறையில் வளர்த்தல் அந்நாளைய அரசாங்கத்தின் கொள்கையாய் இருந்தது. உறவினர் பார்பராவை அதிகாரிகளின் கண்ணிற்படாமல் பலகாலம் ஒளித்துக் காத்தும், ஏறத்தாழ 9 வயதில் அச்சிறுமி கொண்டுபோகப்பட்டார். மீண்டும் அவர் தம் நிலத்தை அடைந்தபொழுது வளர்ந்த பெண்ணாய் இருந்தார். தாய்மொழி நாவினின்று நீங்கியிருந்தது. பெற்ற தாயும் வளர்த்த அன்னையும் அடைந்த துயரை எழுத்தால் அளத்தல் எளிதன்று.

இங்கு ஒன்றனை மறைத்தல் நமக்கு அறமாகாது. அங்ஙனம் பிரிக்கப்பட்ட குழந்தைகள் அரசாங்க விடுதிகளில் மட்டுமல்லாமல், கிறிஸ்தவ மிஷன் இல்லங்களிலும் வளர்க்கப்பட்டனர். அன்பின் பெயரால் நடந்த அச்செயல் எத்துணைக் கொடியதாய் முடிந்ததென்பதை 1997ஆம் ஆண்டில் வெளிவந்த விசாரணை அறிக்கை விரிவாக எடுத்துரைத்தது. 2008ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13ஆம் நாள் ஆஸ்திரேலியப் பிரதம மந்திரி கெவின் ரட் பாராளுமன்றத்தில் அதற்காக மன்னிப்புக் கோரினார். மிஷன் கல்லூரி ஒன்றின் நிழலில் அமர்ந்து பயிலும் நாம், மிஷனின் நற்பணிகளை எண்ணி மகிழும்பொழுது இதனையும் எண்ணுதல் வேண்டும்.

ஒரு மிஷனும் ஒரு கலையும்

மற்றொரு புறமும் உண்டு. தென் ஆஸ்திரேலியாவின் வடமேற்கு மூலையில் மஸ்கிரேவ் மலைகளின் அடியில் எர்னபெல்லா என்னும் ஊர் உள்ளது. அங்கு 1937ஆம் ஆண்டில் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையார் ஒரு மிஷன் நிறுவினர். அதற்கு முதற்காரணராய் விளங்கிய மருத்துவர் சார்லஸ் டூகிட் என்பார், தொல்குடி மக்களின் வழக்கங்களை வலிந்து அழித்தலாகாது என்றும், மிஷன் ஊழியர் அவர்தம் மொழியைக் கற்றல் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். பள்ளியிலும் அம்மக்களின் பிட்ஜன்ட்ஜட்ஜாரா மொழியிலேயே முதற்பாடம் கற்பிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டில் அங்கு ஒரு கைத்தொழிற் கூடம் தோன்றியது. மிஷனுக்குரிய ஆடுகளின் மயிரை நூற்று நெய்வதில் தொடங்கிய அக்கூடத்தில், 1971ஆம் ஆண்டில் பத்திக் என்னும் கலை புகுந்தது. அது ஜாவாத் தீவில் நெடுங்காலமாக வளர்ந்த கலை. 1975ஆம் ஆண்டில் எர்னபெல்லாப் பெண்டிர் சிலர் ஜாவாவிலுள்ள ஜோக்ஜகார்த்தாவுக்கே சென்று அதனைப் பயின்று மீண்டனர்.

எர்னபெல்லாவினின்றே அக்கலை யுட்டோப்பியாவுக்கும் சென்றது. 1977ஆம் ஆண்டில் யுட்டோப்பியாப் பெண்டிர்க்கு முதியோர் கல்வி வகுப்பு ஒன்று நடைபெற்றது. துணியை முடிந்து சாயமேற்றுதலும், மரக்கட்டையில் வெட்டிய உருவைத் துணிமேல் அச்சிடுதலும் அதிற் கற்பிக்கப்பட்டன. பின்னர் எர்னபெல்லாவிலிருந்து வந்த தொல்குடிப் பெண்மணி ஒருவர் பத்திக் முறையைச் செய்து காட்டினார். எழுதப் படிக்கக் கற்பித்தற்கென ஏற்பட்ட வகுப்பில், மாணவியர் தாமே வேறொரு எழுத்தினைக் கண்டெடுத்தனர் எனலாம். அடுத்த ஆண்டிலேயே யுட்டோப்பியாப் பெண்டிர் பத்திக் குழு தோன்றியது. அதன் முதல் உறுப்பினருள் எமிலி அம்மையார் ஒருவர்.

பத்திக் தொழிலின் முறை இது. மெழுகை நெருப்பில் உருக்கி, தூரிகையாலோ மெல்லிய மூக்குடைய சிறு செப்புக் குவளையாலோ துணியின்மேல் உருவெழுதுவர். பின் துணியைச் சாயத்தில் தோய்ப்பர். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. ஏனைய இடத்தில் ஏறும். வேறு நிறம் வேண்டின் மீண்டும் மெழுகிட்டு மீண்டும் தோய்ப்பர். முடிவில் கொதிநீரில் இட்டு மெழுகை நீக்க, மறைந்திருந்த உருவெல்லாம் வெளிப்படும். யுட்டோப்பியாப் பெண்டிர்க்குத் தனிக்கூடம் ஏதும் இல்லை. மரநிழலில் மண்மேல் அமர்ந்து, பட்டை மடியிற் பரப்பி, குழந்தைகளும் நாய்களும் சூழ்ந்திருக்க, அடுப்பில் மெழுகுருக்கி எழுதினர். புகையும் புழுதியும் காற்றும் அவர் தொழிலிற் கலந்தன. இக்கலையில் ஒருமுறை வீழ்ந்த மெழுகினை அழித்தெழுதுதல் அரிது. ஆகவே கைக்குத் தயக்கம் ஆகாது. மண்ணிலும் மேனியிலும் வாணாளெல்லாம் கோடெழுதிய எமிலி அம்மையாரின் கையில் அத்தயக்கம் இல்லை. அகன்ற கோடுகளும் நெருங்கிய புள்ளிகளும் அவர் பட்டில் விரைந்து பெருகின. கிழங்குக்கொடியும் புல்விதையும் ஈமுப் பறவையின் அடிச்சுவடும் அவுல்யேக் கோடுகளும் அதில் இடம்பெற்றன. பிறர் காணத்தகாத பகுதிகளை விடுத்து, காட்டத்தகுவனவற்றை மட்டுமே அப்பெண்டிர் துணியில் எழுதினர்.

நிலம் மீண்டமை

பட்டில் எழுதிய அதே காலத்தில் அப்பெண்டிர்க்கு மற்றொரு பெருஞ்செயலும் நேர்ந்தது. தொல்குடியினர் தம் முன்னோர் நிலத்தை உரிமைகோரிப் பெறுதற்கு வழிசெய்யும் சட்டம் ஒன்று வடபிரதேசத்திற்கென 1976ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. உரிமை கோருவோர் பத்திரம் காட்டவேண்டுவதில்லை. அந்நிலத்திலுள்ள புனித இடங்களோடு தமக்கு ஆன்மிகத் தொடர்பும், அவற்றைக் காக்கும் பொறுப்பும் உண்டென்பதை மெய்ப்பித்தல் வேண்டும். 1979ஆம் ஆண்டில் யுட்டோப்பியா நிலம் பற்றிய விசாரணை நடைபெற்றது. அக்குடிப் பெண்டிர் தம் மேனியில் கோடெழுதி, அவுல்யேப் பாடலும் ஆடலும் நிகழ்த்தித் தம் உரிமையை உணர்த்தினர். விசாரணை முடிவில் நிலம் அம்மக்களுக்கே உரியதாயிற்று.

இந்நிகழ்ச்சியை நான் எண்ணுந்தோறும் வியப்படைகின்றேன். எழுத்தில்லாதவர், ஆவணமில்லாதவர், எனவே உரிமையில்லாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள், தம் மேனியிலும் நாவிலும் காத்துவந்த வரலாற்றையே ஆவணமாகக் கொண்டு வெற்றிபெற்றனர். எமிலி அம்மையாரின் பட்டுத்துணிகளை அழகிய ஆடை என்று மட்டும் கருதுவோர் அவற்றின் பாதியையே கண்டவராவர். ஒவ்வொரு கோடும் இது என் நிலம், இதனைக் காக்கும் கடன் என்னுடையது என்று அறிவிக்கும் கையொப்பமாகும்.

புகழும் சுமையும்

1988ஆம் ஆண்டில் யுட்டோப்பியாக் கலைஞர் 88 பேர் ஆளுக்கொரு பட்டாக 88 பட்டுகளில் தம் நிலத்தின் வரலாற்றை எழுதினர். அத்தொகுதி முழுவதையும் ஹோம்ஸ் ஆ கோர்ட் என்பாரின் கலைச்சேகரம் வாங்கிக்கொண்டது. அதனையடுத்து வந்த வேனிற் பருவத்தில் அப்பெண்டிர்க்குக் கித்தான் துணியும் அக்ரிலிக் வண்ணமும் வழங்கப்பட்டன. அப்பொழுது 78 வயதளவினராயிருந்த எமிலி அம்மையார் எழுதிய முதல் ஓவியம் ஈமுப் பெண் என்பதாகும். அதனைக் கண்டோர் வியந்தனர். அன்று முதல் அம்மையார் பத்திக்கினை விடுத்துக் கித்தானை மேற்கொண்டார். பட்டினைக் கொதிக்க வைத்தலும் அலசுதலும் மீண்டும் மீண்டும் மெழுகிடுதலும் முதுமைக்குப் பெரும் பளுவாயிருந்தன, கண்ணொளியும் குறைந்துவந்தது. அதுவே அவர் கூறிய காரணம்.

இதன்பின் அவர் வாழ்ந்த காலம் ஏறக்குறைய எட்டாண்டுகளே. அக்குறுகிய காலத்தில் அவர் எழுதிய ஓவியங்கள் ஏறத்தாழ 3000 என்பர். மண்மேல் விரித்த கித்தானில் அமர்ந்தவாறே, ஓரத்திலிருந்து நடுநோக்கியும் நடுவிலிருந்து ஓரம்நோக்கியும் அவர் எழுதிச் செல்வார். 1995ஆம் ஆண்டில் எழுதிய பெருங்கிழங்கு ஓவியம் ஏறக்குறைய 3 மீட்டர் உயரமும் 8 மீட்டர் அகலமும் உடையது. கருநிலத்தில் வெண்கோடுகளாலேயே ஆயது. மண்ணுள்ளே படரும் வேரும் மேலே தோன்றும் வெடிப்பும் அதில் ஒன்றாயுள்ளன. மெல்பர்ன் நகரத்து விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் அது வைக்கப்பட்டுள்ளது. இவ்வோவியங்களின் பொருள் யாதென வினவியவர்களுக்கு, கிழங்கும் பல்லியும் புல்விதையும் காட்டுநாய்க் குட்டியும் ஈமுவும் அதன் உணவும் ஆகிய அனைத்தும் சேர்ந்த முழுமையையே தாம் எழுதுவதாக அம்மையார் விடையிறுத்தார். ஐரோப்பியப் புதுமுறை ஓவியரோடு அவரை ஒப்பிட்டு அறிஞர் பலர் எழுதினர். அம்மையாரோ அவ்வோவியர் எவரையும் பின்பற்றியவர் அல்லர்.

புகழ் வந்தது, அதனோடு சுமையும் வந்தது. வணிகர் பலர் கித்தானும் வண்ணமும் ஏந்தி அவரை நாடி வந்தனர். குடிமுறைப்படி தம் வருவாயை உறவினரோடு பகிர்தல் அவர் கடன். எனவே அவர் கையை நம்பி வாழ்ந்தோர் பலராயினர். 1992ஆம் ஆண்டில் பிரதம மந்திரி பால் கீட்டிங் அவர்களிடமிருந்து ஆஸ்திரேலியக் கலைஞர்க்குரிய உயர்ந்த உதவிநிதியைப் பெற்ற பின்னர், ஓய்ந்திருக்க அம்மையார் விரும்பினார். ஆயினும் ஓய்வு கிட்டவில்லை. பிற்காலத்தே அவர் ஓவியங்கள் பெற்ற விலையோ மிகப் பெரிது. 1994ஆம் ஆண்டில் அவர் எழுதிய நிலத்தின் படைப்பு என்னும் ஓவியம், 2007ஆம் ஆண்டில் 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேலாகவும், 2017ஆம் ஆண்டில் 21 லட்சம் டாலருக்கும் விலைபோயிற்று. எழுதிய மூதாட்டியோ கடைசிவரை திறந்த வானத்தின்கீழ் அடுப்பங்கரை மண்ணில் எளிய வாழ்வே வாழ்ந்தார். இதனை அவருடைய துறவு என்று புகழ்ந்து அமைதல் நமக்கு எளிது. ஆனால், அவர் உழைப்பின் பயனை யார் பெற்றனர் என்று வினவாமல் புகழ்தல் நேர்மையாகாது.

முடிவு

1996ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அம்மையார் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் உயிர்நீத்தார். அதற்குச் சிறிது முன்னர், அகன்ற தூரிகை ஒன்றைக் கொண்டு, மூன்று நாட்களில் 24 ஓவியங்களை எழுதி முடித்தார். கோடும் புள்ளியும் நீங்கி வண்ணமே எஞ்சிய ஓவியங்கள் அவை. மறுவாண்டு வெனிஸ் நகரத்து உலகக் கலைக்காட்சியில் ஆஸ்திரேலியாவின் சார்பாக மற்றிரு தொல்குடிப் பெண்டிர் படைப்புகளுடன் அவர் படைப்புகள் வைக்கப்பட்டன. 2008ஆம் ஆண்டில் ஜப்பானியரும், 2025ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத்து டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் ஆங்கிலேயரும் அவற்றைக் கண்டு மகிழ்ந்தனர். அவரிடம் வளர்ந்து, பிரிக்கப்பட்டு, மீண்டு வந்த பார்பரா வீயரும் பத்திக் பயின்று, பின்னர் ஓவியராகப் புகழ்பெற்று, 2023ஆம் ஆண்டில் மறைந்தார். இழந்த மொழியின் இடத்தைக் கோடும் வண்ணமும் ஒருவாறு நிரப்பின போலும்!

இறந்தார் பெயரை நெடுங்காலம் சொல்லாதிருத்தல் அம்மக்களின் வழக்கு. சொல்லின் ஆற்றலை உணர்ந்தோரே அங்ஙனம் சொல்லாதிருக்கவும் அறிவர். நாம் அவர் பெயரை இங்குப் பன்முறை எழுதினோம். அதனை மரியாதையோடே எழுதினோம் என்பதே நமக்கு அமைதி.

அன்பர்களே, பட்டம் பெற்று நாம் இக்கல்லூரியை விட்டு நீங்குவோம். ஆசிரியராகவும் அதிகாரியாகவும் ஊழியராகவும் எழுத்தறியா மக்கள்பால் செல்வோம். அவர்க்குக் கற்பிக்கும் முன், அவர் கற்றிருப்பது யாதென்று கேட்டறியும் பணிவு நமக்கு வேண்டும். அப்பணிவோடு சென்ற எர்னபெல்லா ஊழியர்முன் ஒரு கலை மலர்ந்தது. அஃதின்றிச் சென்றோர் கையில் தாயரும் சேயரும் பிரிந்தனர். இவ்விரண்டனுள் எவ்வழி நம் வழி என்பதை எமிலி அம்மையாரின் பட்டு நம்மை என்றும் வினவுவதாக.